காசியில் தீ காக்கும் குடும்பங்கள்

தந்தை செய்த தொழிலை மகன் ஏற்று நடத்துவது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பொற்கொல்லர், நெசவாளர், தச்சர், சித்த மருத்துவர் என்று வழிவழியாக வந்த குடும்பங்களைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். அவர்களுடைய கைத்திறனைப் பாராட்டுகிறோம். அவர்கள் பெயரைச் சொல்லியே பொருள்களை வாங்குகிறோம். ஆனால், அவ்வாறே வழிவழியாக நடந்துவரும் மற்றொரு தொழிலும் உண்டு. அதன் உதவி எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படுகிறது. எனினும், அதைச் செய்பவரின் பெயரை மட்டும் எவரும் கேட்டறிவதில்லை. இறந்தோரை எரியூட்டும் தொழிலே அது.

இத்தொழில் ஒரு குடும்பச் சொத்தாகவே வளர்ந்து, பாகம் பிரிக்கவும், விற்கவும், அடகு வைக்கவும் கூடிய உரிமையாக நிலைபெற்ற இடம் காசி. அங்கே டோம் என்னும் சமூகத்தைச் சேர்ந்த குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகச் சிதைக்குத் தீ வழங்கி வருகின்றன. அவர்களுடைய வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பாட்டனிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் வந்த உரிமை அவர்களுக்குச் சோறிட்டது. அதே உரிமைதான் ஊராரிடமிருந்து அவர்களை ஒதுக்கியும் வைத்தது. இவ்விரண்டையும் சேர்த்தே அவர்கள் மரபுரிமையாகப் பெற்றார்கள். அது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், இன்று அது எவ்வாறு மாறி வருகிறது என்பதையும் இங்கே காண்போம்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். வருணை, அசி என்னும் இரு சிற்றாறுகளுக்கு இடையே, கங்கையின் மேற்குக் கரையில் அமைந்தது காசி. தென்கிழக்கே கடலை நாடிச் செல்லும் கங்கை, அந்நகரின் அருகே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. கரை நெடுகிலும் எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகள் உள்ளன. வடநாட்டார் 'காட்' என்று கூறும் இத்துறைகளை நம் முன்னோர் 'கட்டம்' என்று வழங்கினர். அவற்றுள் இரண்டு, பிணம் சுடும் துறைகள். ஒன்று மணிகர்ணிகா கட்டம். மற்றொன்று அரிச்சந்திர கட்டம்.

பிற ஊர்களில் சுடுகாடு ஊருக்கு வெளியே இருப்பதே வழக்கம். காசியிலோ மணிகர்ணிகை நகரின் நடுவே, விசுவநாதர் கோயிலுக்கு அண்மையில் இருக்கிறது. அங்கே இரவிலும் பகலிலும் சிதைகள் எரிகின்றன. காசியில் உயிர் நீப்போரின் காதில் சிவபெருமானே தாரக மந்திரத்தை ஓதி வீடுபேறு அளிக்கிறார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஆதலின், வேறெங்கும் அமங்கலமாகக் கருதப்படும் மரணம் அந்நகரில் பெரும்பேறாகக் கருதப்படுகிறது. ஊரே ஒரு மகாமயானம் என்பது பழைய வழக்கு. இந்த நம்பிக்கை இருக்கும்வரை, சிதைக்குத் தீ வழங்குவோருக்கும் அங்கே வேலை இருந்துகொண்டே இருக்கும்.

அரிச்சந்திர கட்டம் தமிழருக்கு அயலிடம் அன்று. அதற்கு வடக்கே கேதார கட்டம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் காசிக்குச் சென்ற குமரகுருபரரின் மடம் அப்பகுதியில்தான் உள்ளது. தெற்கே அனுமான் கட்டம். பாரதியார் தம் இளமையில், 1898 முதல் 1902 வரை, அத்தை வீட்டில் தங்கிக் கல்வி பயின்றது அப்பகுதியிலேயே. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1813இல் நிறுவிய சத்திரமும் நகரில் இருக்கிறது. தமிழர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த தெருக்களுக்கு நடுவே அமைந்ததே அந்தச் சுடுதுறை. அவ்வீடுகளில் நேர்ந்த சாவுகளுக்கும், தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கேயே உயிர்நீத்த முதியோருக்கும், தீ வழங்கியவர்கள் டோம் குடும்பத்தினரே ஆவர்.

இத்தொழிலின் தோற்றம் குறித்து அவர்களிடையே வழங்கும் கதை ஒன்று உண்டு. மணிகர்ணிகை என்பதற்கு மணி பதித்த காதணி என்று பொருள். சிவனும் பார்வதியும் அங்கே வந்தபோது காதணி ஒன்று விழுந்துவிட்டதாம். அதை எடுத்து மறைத்துக்கொண்டவன், கல்லு என்னும் பெயருடைய டோம் சமூகத்தின் மூதாதை. இறைவன் சினந்து அவனைச் சபித்தார். அவன் மன்னிப்புக் கோரவே, அத்துறையில் தீயைக் காக்கும் பொறுப்பை அவனுக்கும் அவன் வழித்தோன்றல்களுக்கும் அளித்தார் என்பது கதை. சாபமும் உரிமையும் ஒருங்கே ஒருவனுக்குக் கிடைத்ததாக இக்கதை கூறுவது கவனிக்கத்தக்கது. தங்கள் நிலையில் உள்ள உயர்வையும் தாழ்வையும் அச்சமூகத்தார் நெடுநாட்களுக்கு முன்பே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இக்கதையே சான்று.

மற்றொரு கதை நாம் நன்கறிந்த அரிச்சந்திரன் கதை. விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக மனைவியையும் மகனையும் விற்று, இறுதியில் தன்னையும் காசியில் விற்றுக்கொண்டான் மன்னன். அவனை விலைக்கு வாங்கியவன் சுடலையின் உரிமையாளன். தமிழ் மரபில் அவன் பெயர் வீரவாகு. பிணத்திற்கு உரிய கால் பணமும் முழத்துணியும் பெறாமல் எரியூட்ட விடக் கூடாது என்பது அவன் கட்டளை. தன் மகனின் உடலையே சுமந்துவந்த மனைவியிடமும் அந்தக் கட்டணத்தை அரிச்சந்திரன் கேட்க நேர்கிறது. மயான காண்டம் என்று பெயர்பெற்ற இப்பகுதி, தெருக்கூத்திலும் நாடக மேடையிலும் நம்மவரைக் கண்ணீர் விடச் செய்தது. காந்தியடிகள் சிறுவராக இருந்தபோது இந்நாடகத்தைக் கண்டு உள்ளம் உருகியதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தாதாசாகிப் பால்கே 1913இல் வெளியிட்ட இந்தியாவின் முதல் முழுநீளத் திரைப்படமும் இக்கதையே. தமிழ்நாட்டில் பல ஊர்ச் சுடுகாடுகளின் வாயிலில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல்லோ சிறு கோயிலோ இருப்பதையும் காண்கிறோம்.

இத்தனை பேர் கேட்டும் கண்டும் உருகிய கதையில், மன்னனின் சத்தியம் மட்டுமே நம் நினைவில் நிற்கிறது. சில காலம் அத்தொழிலைச் செய்ய நேர்ந்த அரசனுக்காக நாம் இரங்குகிறோம். பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை அதையே செய்த குடும்பத்தைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. எனினும், கதையில் வரும் அந்தக் கட்டணம் ஓர் உண்மையைக் காட்டுகிறது. சுடலையின் உரிமை விலைமதிப்புள்ள உரிமை. அதற்கு ஓர் உடைமையாளன் உண்டு. அவன் ஆணையின்றி அங்கே தீ மூட்டுதல் ஆகாது என்னும் கருத்து பழங்காலம் தொட்டே இருந்துவந்திருக்கிறது.

இனி, அங்கே நடைபெறும் வேலையைப் பார்ப்போம். காசியில் ஒரு சாவுச் சடங்கில் பல தொழிலாளர் பங்கு கொள்கின்றனர். மயிர் மழிப்பவர் நாவிதர், விறகு விற்போர் வேறு, படகோட்டுவோர் வேறு. இறந்தவருக்குச் செய்யும் சடங்குகளில் தானம் பெறுவோர் மகாபிராமணர் எனப்படும் தனிப் பிரிவினர். டோம் சமூகத்தாரின் பங்கு, தீ வழங்குவதும் சிதையைக் கவனிப்பதும் ஆகும்.

மணிகர்ணிகையில் ஒரு தீ எந்நேரமும் கனன்று கொண்டிருக்கிறது. அது தலைமுறைகளாக அணையாமல் காக்கப்பட்டு வருவதாகக் கூறுவர். சிதையைத் தீக்குச்சி கிழித்து மூட்டுவது மரபன்று. கருமம் செய்யும் மகன் அந்தத் தீயை விலை கொடுத்துப் பெற்று, தருப்பைக் கற்றையில் ஏந்திவந்து, சிதையைச் சுற்றி மூட்ட வேண்டும். ஓர் உடல் முழுதும் வேகுவதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். அதன்பின் கர்த்தா ஒரு குடம் நீரைத் தோளுக்குப் பின்புறமாகச் சிதையின் மீது எறிந்துவிட்டு, திரும்பிப் பாராமல் செல்கிறார். அவர் சென்ற பின்னரும் சுடலைத் தொழிலாளியின் வேலை முடிவதில்லை. எஞ்சிய கட்டைகளை அகற்றி, சாம்பலை ஆற்றோரம் சேர்த்து, அடுத்த சிதைக்கு இடம் செய்ய வேண்டும்.

வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது வெறும் உடலுழைப்பாகத் தோன்றும். உண்மையில் இதுவும் பயின்று பெற வேண்டிய கைத்தொழிலே. அளவான விறகைக் கொண்டு உடல் முழுவதும் எரியுமாறு அடுக்கத் தெரிய வேண்டும். காற்று எப்புறம் வீசுகிறது என்பதையறிந்து தீயை வளர்க்க வேண்டும். நீண்ட மூங்கிலால் கட்டைகளைப் புரட்டும் பக்குவம் வேண்டும். மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும். கங்கை பெருக்கெடுத்துக் கீழ்ப்படிகள் மூழ்கிவிட்டால், மேல்தளத்தில் நெருக்கமான இடத்தில் சிதைகளை அடுக்க நேரும். இவற்றையெல்லாம் சிறுவர்கள் தந்தையரின் அருகிருந்து கற்றுக்கொண்டனர். பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய வயதில் பலர் சுடுதுறையில் இதைக் கற்றனர் என்பது வருத்தத்திற்குரிய உண்மை.

இவ்வரலாற்றில் மிகவும் வியப்பளிக்கும் பகுதி, இத்தொழிலுரிமை பங்கிடப்பட்ட முறையாகும். இந்தியில் 'பாரி' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு நேரான தமிழ்ச்சொல் 'முறை' என்பதே. நம் கோயில்களில், 'இந்த மாதம் என் முறை' என்று அர்ச்சகர் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். பூசை உரிமையுடைய குடும்பங்கள் ஆண்டின் நாட்களைத் தமக்குள் பிரித்துக்கொண்டு, அவரவர் முறை நாளில் வரும் வருவாயை அவரவர் பெறுவர். காசியின் சுடுதுறையிலும் அதுவே நியதி. இன்ன நாளின் வருவாய் இன்ன குடும்பத்திற்கு என்று நாட்களே சொத்தாகப் பிரிக்கப்பட்டன. கருவறையில் பூசை செய்யும் உரிமையும், மயானத்தில் தீ வழங்கும் உரிமையும் ஒரே கணக்கின்படி பங்கிடப்பட்டன என்பது சிந்திக்கத்தக்கது.

இலண்டன் பொருளியல் கல்லூரியைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் ஜோனதன் பேரி, 1970களின் பிற்பகுதி முதல் காசியில் தங்கி இம்முறைகளை ஆராய்ந்தார். காசியில் மரணம் பற்றிய அவரது நூல் 1994இல் வெளிவந்தது. டோம் சமூகத்தாரிடையிலும் மகாபிராமணரிடையிலும் இம்முறை நாட்கள் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதை அந்நூல் விரிவாக விளக்குகிறது. முறை நாட்கள் தந்தையிடமிருந்து மக்களுக்குப் பிரிந்தன. தேவை வந்தபோது விற்கப்பட்டன. கடனுக்கு ஈடாக அடகு வைக்கப்பட்டன. நிலத்திற்கு இருக்கும் இயல்புகள் எல்லாம் இந்த நாட்களுக்கும் இருந்தன. இத்தகைய பரம்பரைத் தொழிலுரிமைகளை அசையாச் சொத்துக்கு நிகராகக் கருதுவது பழைய இந்து சட்ட மரபிலும் உண்டு.

நிலம் பிரிந்தால் என்ன நேரும் என்பதை உழவர் குடும்பத்தில் பிறந்தோர் அறிவர். நாட்கள் பிரிந்தாலும் அதுவே நேரும். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு ஆண்டில் 24 முறை நாட்கள் இருந்தன என்று கொள்வோம். அவருக்கு மூன்று மகன்கள் எனில், ஒவ்வொருவருக்கும் 8 நாட்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு மகன்கள் எனில், பேரர் ஒருவருக்கு 4 நாட்கள். அடுத்த தலைமுறையிலும் இரண்டு மகன்கள் எனில், கொள்ளுப்பேரனுக்கு ஆண்டில் 2 நாட்களே எஞ்சும். பெருமைக்குரிய பரம்பரை உரிமை அவனிடமும் இருக்கிறது. ஆனால் எஞ்சிய 363 நாட்களுக்கு அவன் வேறு வழி தேட வேண்டும்.

அவன் தேடும் வழி பெரும்பாலும் அதே துறையில் கூலி வேலைதான். பிறருடைய முறை நாளில், எரியும் சிதைக்கு இவ்வளவு என்று கூலி பெற்று அவன் வேலை செய்கிறான். இவ்வாறு ஒரே சமூகத்திற்குள் இரண்டு நிலைகள் தோன்றின. நாட்களை மிகுதியாகச் சேர்த்துக்கொண்ட குடும்பங்கள் சில செல்வாக்குப் பெற்றன. அவற்றுள் தலைமைக் குடும்பத்தின் மூத்தவர் 'டோம் ராஜா' என்று அழைக்கப்பட்டார். கங்கைக் கரையில், மாடத்தின் மீது புலி உருவங்கள் அமைந்த அக்குடும்பத்தின் மாளிகையைப் படகில் செல்வோர் காணலாம். ஆனால், மாளிகையைக் கண்டு அச்சமூகத்தார் அனைவரும் செல்வர் என்று முடிவு செய்வது தவறு. நெருப்பின் அருகே நிற்பவர் ஒருவர். நாளின் உடைமையாளர் மற்றொருவர். புகையும் வெப்பமும் ஒருவருக்கு. வருவாயின் பெரும்பங்கு மற்றொருவருக்கு.

காசிக்குச் சென்று திரும்பும் அன்பர்கள் கூறும் குறை ஒன்று உண்டு. தீக்கு நிலையான விலை இல்லை. ஆளைப் பார்த்துக் கேட்கிறார்கள். துயரத்தில் இருக்கும்போது பேரம் பேச நேர்கிறது என்பதே அது. இக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், இதன் காரணத்தையும் ஆராய வேண்டும். ஆண்டு முழுவதும் கடை வைத்திருப்பவர் ஒரு நாள் குறைவாகப் பெற்றால் மறுநாள் ஈடு செய்துகொள்ளலாம். ஆண்டிற்குச் சில நாட்களே உரிமையுடையவருக்கு அந்த வாய்ப்பில்லை. அந்த நாளில் எத்தனை பாடைகள் வரும், வருவோர் செல்வரா வறியவரா என்பதும் முன்கூட்டியே தெரியாது. செல்வரிடம் மிகுதியாகக் கேட்பதும், வறியவரிடம் கிடைத்ததைப் பெற்றுக்கொள்வதும் இந்நிலையிலிருந்து பிறந்த பழக்கம். பேராசை என்று ஒரே சொல்லில் கூறி இதை ஒதுக்கிவிடலாகாது. தலைமுறைதோறும் துண்டுபட்ட உரிமையின் விளைவும் இதில் அடங்கியிருக்கிறது.

இனி, இவ்வுரிமையின் மறுபுறத்தைக் காண்போம். டோம் ஒருவர் தரும் தீயின்றிக் காசியில் சிதை எரியாது. வேதம் ஓதியவரும், அரசரும், வணிகரும் இறுதியில் அவர் கைத்தீயைப் பெற்றே ஆக வேண்டும். ஆயினும், அக்கைகளிலிருந்து ஒரு வாய் நீர் வாங்கிப் பருகுவதற்கு ஊரார் இசையவில்லை. தீயை விலை கொடுத்து வாங்கியவர்கள், தீ கொடுத்தவரைத் தங்கள் திண்ணையில் அமரவிடவில்லை. தீயினால் வீடுபேறு கிடைக்கும் என்று நம்பியவர்கள், தீயைக் காப்பவரைத் தீட்டுடையவர் என்று கருதினர். சடங்கின் நடுவில் அவர் இன்றியமையாதவர்; சடங்கு முடிந்தபின் அவர் தீண்டத்தகாதவர். நூற்றாண்டுகளாக இந்த முரண் அங்கே நிலவிவந்தது.

இம்முரண் குடும்பத்தொழில் என்னும் அமைப்பினாலேயே வலுப்பெற்றது என்பதை மறுக்க இயலாது. உரிமை பிறப்பினால் வந்தது. ஆதலின் தீட்டும் பிறப்பினால் வந்தது. சுடுதுறையில் ஒரு நாளும் கால் வைக்காத சிறுமியும், அக்குடும்பத்தில் பிறந்த காரணத்தால் பள்ளியில் ஒதுக்கப்பட்டாள். அலுவலகத்தில் வேலை கேட்டுச் சென்ற இளைஞனுக்கும் அவன் பெயரே தடையாயிற்று. வேறு தொழில்களின் கதவுகள் மூடியிருந்தமையால், திறந்திருந்த ஒரே வாயிலின் வழியே அவனும் தந்தையின் பின் சென்றான். தலைமுறை மாறாமல் ஒரு தொழிலைச் செய்தனர் என்று நாம் வியக்குமுன், மாறுவதற்கு அவர்களுக்கு வழி இருந்ததா என்று கேட்டுக்கொள்வது முறையாகும்.

சட்டம் இந்நிலையை ஏற்கவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 17ஆம் பிரிவு, தீண்டாமையை ஒழித்து, அதை எவ்வுருவில் கடைப்பிடிப்பதும் குற்றம் என்று விதித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நிறைவேறியது. 1976இல் அது திருத்தம் பெற்று, குடிமையுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயரைப் பெற்றது. உத்தரப் பிரதேசத்தில் டோம் சமூகத்தார் பட்டியல் சாதியினராக ஏற்கப்பட்டு, கல்வியிலும் அரசுப் பணியிலும் இடஒதுக்கீட்டிற்கு உரியவராயினர். எழுத்தில் வந்த இம்மாற்றம் தெருவிற்கு வந்து சேர்வதற்குக் காலம் ஆகிறது. எனினும், படித்து வேறு பணிக்குச் செல்ல விரும்பும் இளைஞர்களுக்கு அது ஒரு பற்றுக்கோடு.

இங்கே நம் நாட்டு நிலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. டோம் என்னும் சொல்லை 'வெட்டியான்' என்று மொழிபெயர்த்துவிடுவது எளிது. ஆனால் அது முற்றும் பொருந்தாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்பது, ஊதியமின்றிச் செய்ய வேண்டிய ஊர்வேலையைக் குறிக்கும் சொல். வெட்டியான் என்னும் பெயர் அதனடியாகப் பிறந்தது என்று அறிஞர் கருதுவர். தென்னாட்டுச் சிற்றூரில் பிணம் சுடுபவருக்கு அவ்வேலை ஒரு கடமையாகச் சுமத்தப்பட்டது. ஊரார் கொடுப்பதைப் பெற்றுக்கொள்வதே அவர் நிலை. காசியிலோ அது விலை கூறத்தக்க உரிமையாக வளர்ந்தது. வருவாயில் இவ்விருவருக்கும் வேறுபாடு உண்டு. அவமதிப்பில் வேறுபாடு இல்லை. பணமும் உரிமையும் வந்துவிட்டால் தீண்டாமை தானே அகலும் என்று எண்ணுவோர், புலி மாளிகையில் வாழ்ந்தவரும் ஒதுக்கப்பட்டதை நினைவில் கொள்ள வேண்டும்.

கடந்த நாற்பது ஆண்டுகளில் இத்தொழிலைப் பல மாற்றங்கள் தொட்டிருக்கின்றன. கங்கையைத் தூய்மை செய்யும் செயல் திட்டம் 1986இல் காசியில் தொடங்கி வைக்கப்பட்டது. அத்திட்டத்தின் ஒரு பகுதியாக அரிச்சந்திர கட்டத்தில் மின் தகனக் கூடம் எழுந்தது. ஒரு சிதைக்கு ஏறக்குறைய 300 கிலோ விறகு தேவைப்படுகிறது. அதன் விலையைத் தாங்க இயலாத ஏழைகளுக்கு மின் தகனம் உதவியாக இருந்தது. அரைகுறையாக எரிந்த உடல்கள் ஆற்றில் கலப்பதைத் தடுப்பதும் அதன் நோக்கம். ஆனால் மின் அடுப்புக்கு அணையாத் தீ தேவையில்லை. விறகை அடுக்கும் கைத்திறனும் தேவையில்லை. ஆதலின், முறை நாளை நம்பியிருந்த குடும்பங்கள் அதைக் கவலையோடு நோக்கின. மரபை விரும்புவோர் விறகுச் சிதையைக் கைவிடவில்லை. இரண்டும் அருகருகே தொடர்ந்தன.

2021ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா நோயின் இரண்டாம் அலை வீசியபோது, காசியின் சுடுதுறைகளில் இடம் போதவில்லை. உறவினரே உடலின் அருகே செல்ல அஞ்சிய அந்நாட்களில், சுடலைத் தொழிலாளர் இரவு பகலாகச் சிதை அடுக்கினர். நாடு முழுவதும் மருத்துவரையும் செவிலியரையும் நன்றியோடு நினைவுகூர்ந்தோம். நோயின் இறுதி எல்லையில் நின்றவர் இவர்களும் அல்லரோ?

அதே ஆண்டில் மற்றொரு செய்தியும் வந்தது. டோம் ராஜாவாக இருந்த ஜகதீஷ் சௌதரிக்கு, மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர் 2019 மக்களவைத் தேர்தலில் வாரணாசித் தொகுதியில் பிரதமரின் வேட்புமனுவை முன்மொழிந்தோருள் ஒருவர். 2020 ஆகஸ்டில் காலமானார். பெயர் கேட்டறியப்படாத ஒரு தொழிலைச் சேர்ந்தவரின் பெயர், நாட்டின் உயர் விருதுப் பட்டியலில் இடம்பெற்றது சிறிய செய்தியன்று. ஆயினும், தலைவருக்குக் கிடைத்த சிறப்பு, கூலிக்குச் சிதை புரட்டும் தொழிலாளியின் வீட்டுக்கும் சென்று சேர்ந்ததா என்பதே முக்கியமான கேள்வி. அவருக்கு வேண்டுவன நியாயமான கூலி, தீப்புண்ணுக்கும் புகையினால் வரும் நோய்க்கும் மருத்துவம், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவை.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் கற்கத்தக்கது உண்டு. சொந்த ஊரில் சாவு நேர்ந்தால் பங்காளிகளும் அண்டை வீட்டாரும் பொறுப்பேற்றுக் கொள்வர். தில்லியிலோ, கொல்கத்தாவிலோ, மும்பையிலோ நேர்ந்தால், நாம் மொழி தெரியாத ஒருவரின் கையைத்தான் நம்பி நிற்கிறோம். அந்த நேரத்தில் சில செய்திகளை அறிந்திருப்பது நலம். மருத்துவரின் சான்றைத் தகன மேடைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே தரும் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எந்த ஊரில் நேர்ந்ததோ அந்த ஊரிலேயே 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். காசியில் கருமம் செய்ய நேர்ந்தால், விறகுக்கு எவ்வளவு, தீக்கு எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகப் பேசிக்கொள்வது இரு தரப்பினருக்கும் நல்லது. துயரத்தில் இருக்கும் மகனை விட்டுவிட்டு, நிதானமுள்ள நண்பர் ஒருவர் அதைப் பேசுவது இன்னும் நல்லது.

அவரை எவ்வாறு அழைப்பது என்பதும் ஒரு செய்திதான். அச்சமூகத்தாரிடையே சௌதரி என்னும் குடும்பப் பெயர் பரவலாக வழங்குகிறது. 'சௌதரிஜி' என்று அழைத்துப் பேசினால், அது மரியாதைச் சொல், எவருக்கும் புரியும். சாதிப் பெயரைச் சொல்லிக் கூவுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. கூலியைக் கையில் கொடுப்பதும், எறிந்துவிட்டுச் செல்வதும் ஒன்றாகா.

பரம்பரைத் தொழில் அழியாமல் இருக்க வேண்டும் என்று நாம் பலவற்றைப் பற்றிக் கூறுகிறோம். இத்தொழிலைப் பற்றி அவ்வாறு கூறுவதற்கு முன், அக்குடும்பத்துப் பிள்ளைகளின் விருப்பம் என்ன என்று கேட்க வேண்டும். இறந்தோரை மதிப்போடு அனுப்பிவைக்கும் பணி என்றும் தேவைப்படும். அதை எவரேனும் செய்தே தீர வேண்டும். ஆனால், அதைச் செய்பவர் அப்பணியைத் தாமே ஏற்றவராக இருக்கட்டும். தக்க ஊதியமும் பாதுகாப்பும் பெற்றவராக இருக்கட்டும். அவர் மகள் ஆசிரியையாகவோ, மருத்துவராகவோ ஆக விரும்பினால், அவள் பிறந்த வீடு அதற்குத் தடையாக நிற்க வேண்டாம். காசியின் தீ அணையாமல் இருப்பதற்கு, ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் அத்துறையிலேயே கட்டுண்டு கிடக்க வேண்டும் என்னும் நியதி தேவையில்லை.